போருக்கு வெளியே இருப்பவர்கள்

போர் நடக்கும் இடங்களிலிருந்து வெகு தொலைவில், கூரையும் மின்சாரமும் இரவுத் தூக்கமும் குறையின்றிக் கிடைக்கும் ஓரிடத்தில் வாழ்பவர்களில் பலருக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. குண்டு விழுந்த மருத்துவமனையின் படத்தைப் பார்த்த அதே கைப்பேசியில் அடுத்த நிமிடம் விடுமுறைப் பயணத்துக்கு அறை பதிவு செய்யும்போது, அல்லது நண்பர்களோடு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும்போது, அது தலையெடுக்கும். எனக்கும் அது உண்டு. நேர்மையான உணர்வுதான்; அது அறவே இல்லாதவர்களைவிட இருப்பவர்களோடு பழகவே நான் விரும்புவேன். ஆயினும் அதை நான் அதிகம் நம்புவதில்லை. அந்தக் கூச்சத்தின் பார்வை போருக்குள் சிக்கியிருப்பவரின் மேல் நெடுநேரம் நிற்பதில்லை. ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற கேள்விக்குச் சீக்கிரமே திரும்பிவிடுகிறது. அந்தக் கேள்விக்கு நான் கண்டுபிடிக்கும் விடை எதுவாக இருந்தாலும், நிலவறையில் பதுங்கியிருக்கும் ஒருவருக்கு அதனால் ஒரு குவளைத் தண்ணீர்கூடக் கிடைக்கப்போவதில்லை.

இந்தச் சங்கடம் நம் காலத்தில் பிறந்ததன்று. ஒரு வீட்டில் சாப்பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் ஒரே நேரத்தில் ஒலிப்பதைக் கண்ட சங்கப் புலவர் பக்குடுக்கை நன்கணியார், இப்படியோர் உலகத்தைப் படைத்தவனைப் பண்பில்லாதவன் என்று ஏசினார். ஏசிவிட்டு, உலகத்தின் இயல்பை உணர்ந்தவர்கள் அதில் இனியவற்றைக் காண்பார்களாக என்று முடித்தார். அந்த முடிப்பைப் பலரும் ஆறுதலாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு முதன்மையாகப் படுவது, அந்த இரண்டு முழக்கங்களும் ஒரே காதுக்கு எட்டும் தொலைவில் இருந்தன என்பதுதான். மணவீட்டார் நினைத்தால் எழுந்து நடந்துபோய்த் துக்க வீட்டின் வாசலில் நின்றுவிட்டு வர முடியும். நமக்கோ செவி மட்டும் கண்டங்களைத் தாண்டி நீண்டிருக்கிறது; கால்கள் அவ்வாறு நீளவில்லை.

எவ்வளவு தூரத்துக்குச் செவி நீண்டிருக்கிறது என்பதற்குக் கணக்கு உண்டு. உப்சாலா பல்கலைக்கழகத்தின் மோதல் தரவுத் திட்டம், குறைந்தது ஒரு தரப்பாக ஓர் அரசேனும் பங்கேற்ற ஆயுத மோதல்கள் 2024ஆம் ஆண்டில் 36 நாடுகளில் 61 நடந்ததாகப் பதிவு செய்தது. 1946இலிருந்து தொடங்கும் அதன் பட்டியலில் இதுவே மிக அதிகமான எண்ணிக்கை. அந்த ஆண்டின் முடிவில் போராலும் ஒடுக்குமுறையாலும் வீட்டைவிட்டுப் பெயர்க்கப்பட்டிருந்தோர் 12.3 கோடிப் பேர் என்கிறது ஐ.நா. அகதிகள் முகமை. உப்சாலா பட்டியலில் போர் இல்லாத ஆண்டு ஒன்றுகூட இல்லை. எங்காவது போர் நடந்துகொண்டிருக்கும்வரை எவரும் மகிழக் கூடாது என்று விதி வகுத்தால், இப்போது உயிரோடு இருக்கும் மனிதர்களில் யாருமே பிறந்தநாள் கொண்டாடியிருக்க முடியாது. விதியாகச் சொன்னால் அபத்தம் என்று உடனே தெரிந்துவிடும் இந்த எண்ணத்தை, உணர்வாகச் சுமக்கும்போது மட்டும் ஓர் உயர்ந்த குணமாக நினைத்துக்கொள்கிறோம்.

போருக்குள் இருந்தவர்கள் தங்கள் அன்றாட வாழ்வை எப்படிப் பிடித்துவைத்துக்கொண்டார்கள் என்று படிக்கப் படிக்க, நம் கூச்சம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது என்ற எண்ணமே எனக்கு வலுத்தது. போஸ்னியாவின் தலைநகரான சரயேவோ 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை 1,425 நாட்கள் முற்றுகையில் கிடந்தது. சுற்றியிருந்த மலைகளில் பீரங்கிகள், தெருமுனைகளைக் குறிபார்த்துக் காத்திருந்த துப்பாக்கிகள், குழாயில் நீரில்லை, அடுப்பெரிக்கப் பூங்கா மரங்களை வெட்டினார்கள். அந்த நகரத்தில்தான் 1993இல் நிலவறை ஒன்றுக்குள் அழகிப் போட்டி நடத்தி, பங்கேற்ற பெண்கள் ‘எங்களைக் கொல்ல விடாதீர்கள்’ என்ற பதாகையைப் பிடித்தபடி நின்றார்கள். 1995இல், முற்றுகை நீங்குவதற்கு முன்பாகவே, ஒரு திரைப்பட விழாவைத் தொடங்கினார்கள், அது இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. உக்ரைனின் கார்கிவ், ரஷ்ய எல்லைக்கு மிக அருகில் இருப்பதால், அபாயச் சங்கு ஒலித்து மக்கள் ஒதுங்குவதற்குள் ஏவுகணை விழுந்துவிடக்கூடிய நகரம். அங்கே 2023 செப்டம்பரில் மெட்ரோ சுரங்க நிலையங்களுக்குள் வகுப்பறைகளை அமைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத் தொடங்கினார்கள். மின்சாரம் அறுந்துபோயிருந்த 1990களின் யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். பதுங்குகுழி வெட்டிய முற்றத்தின் ஓரத்தில் குப்பி விளக்கை வைத்துப் படித்த பிள்ளைகள் பரீட்சை எழுதப் போனார்கள்.

வகுப்பு, பரீட்சை, பாட்டு, படம், அலங்காரம்: எதை அனுபவிப்பதற்காக நாம் வெட்கப்படுகிறோமோ அதையே அவர்கள் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். நம் வீட்டு அமைதி அவர்களிடமிருந்து பிடுங்கி வந்ததாக இல்லாதவரை, அதை அருவருத்து ஒதுக்குவதால் அவர்கள் பக்கம் எதுவும் சேர்வதில்லை; எல்லோருக்கும் வாய்க்க வேண்டியது எதுவோ அதை மலினப்படுத்துவதே மிஞ்சும். இங்கே ஒன்றை இடைமறித்துச் சொல்லிவிட வேண்டும். ‘பாருங்கள், குண்டுகளுக்கு நடுவிலும் எப்படிச் சிரிக்கிறார்கள்’ என்று நெகிழ்ந்து எழுதும் கட்டுரைகள் எனக்குக் கசக்கின்றன. அவர்களின் மனவுறுதியைப் புகழ்வது நமக்கு மிக வசதியான வேலை. உறுதியானவர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்ற நிம்மதி அதில் ஒளிந்திருக்கிறது. சுரங்கத்துக்குள் படிக்கும் குழந்தைக்கு அது வீரச் செயலாகத் தெரியாது. வேறு பள்ளிக்கூடம் இல்லை, அவ்வளவுதான்.

‘பிடுங்கி வந்ததாக இல்லாதவரை’ என்று எழுதினேன். அந்த நிபந்தனை சாதாரணமானதன்று. நம் சௌகரியம் பல இடங்களில் அந்தப் போர்களோடு முடிச்சிட்டுக் கிடக்கிறது. கைப்பேசிக்குள் இருக்கும் சின்னஞ்சிறு மின்தேக்கிகளுக்கு டான்டலம் என்ற உலோகம் வேண்டும். அது கோல்டான் என்ற தாதுவிலிருந்து வருகிறது. காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கில் இருக்கும் ரூபாயா சுரங்கப் பகுதி உலகின் கோல்டானில் ஏறத்தாழ 15 சதவீதத்தைத் தருவதாகக் கணிக்கப்படுகிறது. 2024 ஏப்ரலில் அது எம்23 கிளர்ச்சிப் படையின் கைக்குப் போனது. அங்கிருந்து மாதந்தோறும் சுமார் 8 லட்சம் டாலர் வரியாக அந்தப் படை வசூலிப்பதாக ஐ.நா. நிபுணர் குழு தெரிவித்தது. அப்படியானால் அந்தத் தாதுவையே வாங்காமல் விட்டுவிடலாமே என்று தோன்றும். அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. போர் நடக்கும் பகுதியின் கனிமங்களைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் அதை வெளிப்படுத்த வேண்டும் என்று அமெரிக்கா 2010இல் சட்டம் இயற்றியபோது, எது சுத்தமான சுரங்கம், எது அசுத்தமான சுரங்கம் என்று பிரித்துப் பார்க்கும் தொல்லையைத் தவிர்க்கப் பல வணிகர்கள் அந்த வட்டாரத்தையே கைவிட்டார்கள். கையால் தோண்டிப் பிழைத்துவந்த எத்தனையோ குடும்பங்களுக்கு வருமானம் நின்றது. தன் கையைக் கழுவிக்கொள்ளும் அவசரம், தூரத்திலுள்ளவரின் வயிற்றில் போய் அடிக்கும் என்பதை நான் அறிந்துகொண்டது இந்த வரலாற்றிலிருந்துதான்.

அந்த முடிச்சுக்குள் நின்றுகொண்டே உருப்படியாக ஒன்றைச் செய்த ஒரு மனிதரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. ஜெனீவாவைச் சேர்ந்த ஆன்ரி டூனான் 1859 ஜூனில் வட இத்தாலிக்குப் போனது தொண்டு செய்வதற்காக அன்று. அல்ஜீரியாவில் அவருக்கு மாவு ஆலைத் தொழில் இருந்தது. அதற்கு நிலமும் நீர் உரிமையும் பெற்றுத்தர வேண்டுமென்று, அப்போது படையோடு களத்தில் இருந்த பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனை நேரில் கண்டு மனுக்கொடுக்கப் போனார். அந்த அல்ஜீரியா 1830 முதல் பிரான்ஸ் போரிட்டுப் பிடித்த நாடு. ஆக, அவருடைய செல்வமே இன்னொரு போரின் விளைச்சல். ஜூன் 24 அன்று சோல்ஃபெரினோவில் ஏறத்தாழ மூன்று லட்சம் வீரர்கள் மோதினார்கள்; செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாக 40,000 பேர் வரை வீழ்ந்ததாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அருகிலிருந்த காஸ்தில்யோனே என்ற சிற்றூரின் தேவாலயங்களிலும் தெருக்களிலும் ஆயிரக்கணக்கானோர் கவனிப்பாரின்றிக் கிடந்தார்கள்.

பயணி உடையில் வந்திருந்த டூனானுக்கு மருத்துவம் தெரியாது. ஊர்ப் பெண்களைத் திரட்டி, நீர் கொடுக்கவும் புண்களைக் கழுவவும் ஏற்பாடு செய்தார். கட்டுத்துணியும் பிற பொருள்களும் தம் பணத்தில் வாங்கிவரச் செய்தார். இரு தரப்பு வீரர்களையும் வேறுபாடின்றிக் கவனித்த அந்தப் பெண்கள் ‘அனைவரும் சகோதரர்கள்’ என்று சொல்லிக்கொண்டார்கள். சில நாட்களுக்குப் பிறகு அவர் தம் தொழில் மனுவைப் பார்க்கக் கிளம்பிவிட்டார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் துறவி ஆகிவிடவில்லை. ஆனால் ஊர் திரும்பிய பிறகு அந்த நாட்களை விட்டுவிடவும் இல்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 1862இல், கண்டதை எழுதித் தம் செலவில் 1,600 படிகள் அச்சிட்டு ஐரோப்பாவின் ஆட்சியாளர்களுக்கும் படைத்தலைவர்களுக்கும் அனுப்பினார். அந்த நூலில் அவர் தம் மனவேதனையை வர்ணித்ததோடு நின்றிருந்தால் நாம் அவரை மறந்திருப்போம். இரண்டு கோரிக்கைகளைத் தெளிவாக வைத்தார்: அமைதிக் காலத்திலேயே ஒவ்வொரு நாட்டிலும் தன்னார்வ உதவிச் சங்கங்களை அமைத்துப் பயிற்சி கொடுத்து வைத்திருக்க வேண்டும், காயமடைந்தவரையும் அவரைக் கவனிப்பவரையும் தாக்கக் கூடாது என்று நாடுகள் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். 1863இல் ஐந்து பேர் குழு ஒன்று ஜெனீவாவில் கூடியது. அதுவே பின்னர் சர்வதேச செஞ்சிலுவைக் குழு ஆனது. 1864 ஆகஸ்ட் 22 அன்று 12 நாடுகள், பத்தே விதிகள் கொண்ட முதல் ஜெனீவா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

அல்ஜீரியத் தொழில் 1867இல் திவாலாகி, டூனான் தாம் தொடங்கிவைத்த குழுவிலிருந்தே வெளியேற்றப்பட்டு, இறுதிக் காலத்தை ஹைடன் என்ற மலையூர் மருத்துவமனையின் ஓர் அறையில் கழித்தார் என்பது வேறு கதை; 1901இல் முதல் அமைதி நோபல் பரிசு அவரைத் தேடி அங்கேதான் வந்தது. என்னை ஈர்ப்பது அந்தச் சோகம் அன்று. ‘அமைதிக் காலத்திலேயே’ என்ற அவருடைய நிபந்தனைதான். போருக்கு வெளியே இருப்பவரிடம் போருக்குள் இருப்பவரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது, அது நேரம். நாளை என்ன நடக்கும் என்பது ஓரளவு தெரிந்த வாழ்க்கை, அடுத்த மாதத்துக்குத் திட்டமிடும் வசதி, ஒரே காரியத்தைப் பல ஆண்டுகள் விடாமல் செய்யும் வாய்ப்பு. பாதுகாப்பாக வாழ்வதால் நமக்கு ஒரு கடன் இருக்கிறது என்றால், அதை இந்த நாணயத்தில்தான் செலுத்த முடியும் என்று நினைக்கிறேன். எவ்வளவு ஆழமாக வருந்துகிறோம் என்பதை வைத்து அல்லாமல், எவ்வளவு காலம் அந்த இடத்தை விட்டுப் போகாமல் இருக்கிறோம் என்பதை வைத்தே அதை அளக்க வேண்டும்.

வருத்தம் எவ்வளவு சீக்கிரம் வற்றும் என்பதை அளந்திருக்கிறார்கள். 2015 செப்டம்பரில் துருக்கியின் கடற்கரையில் முகம் குப்புறக் கிடந்த சிரியச் சிறுவனின் படம் உலகையே உலுக்கியது. சிரிய அகதிகளுக்காக ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கம் திரட்டிய நிதிக்கு நாள்தோறும் வந்துகொண்டிருந்த தொகை அந்த வாரத்தில் ஐம்பது மடங்குக்கும் மேல் பெருகியது. ஆறு வாரங்களுக்குள் ஏறக்குறையப் பழைய நிலைக்கே இறங்கிவிட்டது. சிரியாவில் போர் அப்போது ஐந்தாம் ஆண்டில் இருந்தது, மேலும் பல ஆண்டுகள் நீடித்தது. இந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு: அந்த வாரங்களில் மாதச் சந்தாவாகப் பணம் தர ஒப்புக்கொண்டவர்களின் எண்ணிக்கை சுமார் பத்து மடங்கு உயர்ந்தது, அவர்களில் ஏறக்குறைய எவரும் அடுத்த சில மாதங்களில் விலகவில்லை. அவர்களுடைய இரக்கமும் மற்றவர்களுடையதைப் போலவே வற்றியிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். இரக்கம் பொங்கிய நாளில் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டு வைத்திருந்தார்கள். வற்றிய நாட்களில் அந்தக் கையெழுத்து வேலை செய்தது.

நம் கவனம் எதன் மேல் படுகிறது என்பதும் நியாயமாக நடப்பதில்லை. சூடானில் 2023 ஏப்ரல் 15 அன்று இராணுவத்துக்கும் துரித ஆதரவுப் படைக்கும் இடையே போர் மூண்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீட்டை இழந்து, உலகின் மிகப் பெரிய இடப்பெயர்வாக அது வளர்ந்தது. டார்ஃபூரின் ஜம்ஜம் முகாமில் பஞ்சம் நிலவுவதை 2024 ஆகஸ்டில் நிபுணர் குழு உறுதிசெய்தது. இத்தகைய அறிவிப்பு மிக அரிதாகவே வரும். நம்மில் எத்தனை பேருக்கு அந்த முகாமின் பெயர் தெரியும்? எல்லாப் போர்களையும் ஒரே அளவில் மனத்தில் வைத்திருக்க எவராலும் முடியாது, ஒரு போருக்காகக் கலங்குபவரைப் பார்த்து ‘மற்றதற்கு ஏன் கலங்கவில்லை’ என்று வாயடைப்பதும் அற்பமான வாதம். ஆனால் நாம் கலங்குவது எதற்கு என்பதை நம் மனசாட்சி தேர்ந்தெடுக்கவில்லை. செய்தியாளர்களால் உள்ளே போக முடிந்ததா, நம் அரசு யார் பக்கம் இருக்கிறது, அங்குள்ளவர்கள் நம்மைப் போல இருக்கிறார்களா என்பவையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கின்றன. அது தெரிந்திருந்தால் போதும், செய்தியில் வராத ஒன்றையாவது தேடிப் படிக்கத் தோன்றும்.

பாதுகாப்பான இடத்தில் இருப்பவர்களின் பேச்சில் என்னை மிகவும் சங்கடப்படுத்துவது வேறொன்று. வரைபடத்தை விரித்து, எந்தப் படை எந்த ஊரைப் பிடித்தது என்று, கிரிக்கெட் ஆட்டத்தின் ஓட்டக் கணக்கைப் போல அலசுகிறோம். அல்லது, இவ்வளவு ஆபத்து என்று தெரிந்தும் ஏன் அங்கேயே இருந்தார்கள் என்று கேட்கிறோம். இடம்பெயர்ந்த 12.3 கோடிப் பேரில் 7.35 கோடிப் பேர் சொந்த நாட்டின் எல்லையைக்கூடத் தாண்டாதவர்கள். கிளம்புவதற்கு வண்டி வேண்டும், பணம் வேண்டும், திறந்த எல்லை வேண்டும், படுக்கையில் கிடக்கும் தாயைத் தூக்கிச் செல்ல ஆள் வேண்டும். காசாவில் எல்லைக் கதவு உள்ளிருப்பவர் கையில் இல்லை. உக்ரைனில் போர் தொடங்கியதுமே 18 முதல் 60 வயதுவரையான ஆண்கள் பெரும்பாலோர் வெளியேறத் தடை வந்தது. எல்லையைத் தாண்டியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பக்கத்து நாட்டிலேயே தங்குகிறார்கள். சூடானிலிருந்து லட்சக்கணக்கானோருக்கு இடம் கொடுத்தது, உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்றான சாட். நம்மைவிடச் சௌகரியம் குறைந்தவர்கள்தான் அதிகம் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதைத் தயக்கமின்றி ஒப்புக்கொள்ளலாம்.

பணம் அனுப்புவது பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அதை இழிவாகப் பேசுவது ஒரு நாகரிகமாகிவிட்டது. ‘பணம் கொடுத்துவிட்டால் தீர்ந்ததா’ என்று கேட்கிறார்கள். தீராது, ஆனால் பணத்துக்குப் பதிலாக நாம் அனுப்ப விரும்புபவை பலமுறை அதைவிட மோசமானவை. 1992 முதல் 1996 வரை போஸ்னியாவுக்குப் போய்ச் சேர்ந்த மருந்து நன்கொடைகளில் பாதிக்கும் மேல் பயனற்றவை என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள்: காலாவதியானவை, எவருக்கும் படிக்கத் தெரியாத மொழியில் பெயரிடப்பட்டவை, அங்கே இல்லாத நோய்க்கானவை. அப்படித் தேங்கியது ஏறத்தாழ 17,000 டன். அதை அழிப்பதற்கே 3.4 கோடி டாலர் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். மருந்து நன்கொடைக்கான வழிகாட்டு நெறிகளை உலக சுகாதார நிறுவனம் 1996இல் வெளியிட்டது இத்தகைய அனுபவங்களுக்குப் பிறகுதான். தேவை என்னவென்று களத்தில் இருப்பவருக்குத் தெரியும். இன்ன பொருளுக்கு மட்டும் என்று முத்திரை குத்தாமல், சிறிதானாலும் மாதந்தோறும் வரும் என்று நம்பக்கூடிய தொகைதான் அவருக்குப் பயன்படுகிறது. 2025ஆம் ஆண்டுக்கு ஐ.நா. கேட்ட மனிதநேய உதவி 4,700 கோடி டாலர். கொடை நாடுகள் கையை இழுத்துக்கொண்டதால், ஜூன் மாதத்தில் அந்தக் கோரிக்கையையே 2,900 கோடியாகச் சுருக்கி, யாரை முதலில் காப்பாற்றுவது என்று பட்டியலிட வேண்டியதாயிற்று. 2024இல் உலக நாடுகள் இராணுவத்துக்குச் செலவிட்டது 2,71,800 கோடி டாலர் என்று ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

அந்தக் கடைசி எண்ணுக்குள் நம் வரிப்பணமும் இருக்கிறது. ஆகவே நம் இரக்கம் தனிப்பட்ட கொடையோடு முடிந்துவிடக் கூடாது. ஆயுதம் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமையும், தஞ்சம் கேட்டு வந்தவரைத் துன்புறுத்தலுக்கே திருப்பி அனுப்பக் கூடாது என்ற 1951 அகதிகள் ஒப்பந்தத்தின் 33ஆம் விதியைத் தம் அரசு மதிக்கிறதா என்று கண்காணிக்கும் உரிமையும், பாதுகாப்பான நாட்டுக் குடிமக்களிடம்தான் இருக்கின்றன. 2019 மே மாதம் இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்துக்கு வந்த பஹ்ரி யான்பு என்ற சவூதிக் கப்பலில் ஏற்றவிருந்த மின்னாக்கிகள் இராணுவத் தேவைக்குரியவை, ஏமன் போருக்குப் பயன்படும் என்று சொல்லி அவற்றை ஏற்ற மறுத்துத் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கப்பல் அந்தச் சரக்கின்றிக் கிளம்பியது. அதனால் ஏமனில் போர் நிற்கவில்லை, நிற்கும் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கவும் மாட்டார்கள். தங்கள் கைகள் வழியாகப் போகவிருந்த ஒன்றை அவர்கள் போகவிடவில்லை. அவரவர் தொழில் அந்தப் போரின் எந்தக் கயிற்றைத் தொடுகிறது என்று பார்ப்பது, பொத்தாம்பொதுவாக வருந்துவதைவிடக் கடினம், அதனாலேயே அரிது.

போர் முடிந்துவிட்டது என்ற செய்தி வந்த அன்று நாம் மூச்சு விடுகிறோம். அது நமக்கு மட்டும் கிடைக்கும் முடிவு. 1964க்கும் 1973க்கும் இடையில் லாவோஸ் மேல் அமெரிக்கா 20 லட்சம் டன்னுக்கும் மேல் குண்டு பொழிந்தது. கொத்துக்குண்டுகளிலிருந்து சிதறிய 27 கோடிச் சிறுகுண்டுகளில் ஏறத்தாழ 8 கோடி வெடிக்காமல் மண்ணில் தங்கின. போர் முடிந்து பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் வயலில் மண்வெட்டி போட்டவர்களும் விளையாடப் போன குழந்தைகளும் அவற்றால் செத்திருக்கிறார்கள். இலங்கையில் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. அதன் இறுதி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011இல் எழுதியது. அந்த மாதங்களில் உலகெங்கும் தெருக்களில் திரண்ட கூட்டங்களை நாம் மறக்கவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, 2017 பிப்ரவரியில், இராணுவத்திடம் கையளித்த பிள்ளைகள் எங்கே என்று கேட்டுக் கிளிநொச்சியில் பெற்றோர் தெருவோரக் கொட்டகையில் அமர்ந்தார்கள்; ஆண்டுக்கணக்காக அந்தப் போராட்டம் தொடர்ந்தது, பதில் தெரியாமலே அவர்களில் பலர் இறந்துபோனார்கள். அந்தக் கொட்டகைக்குப் பெருங்கூட்டம் வரவில்லை. போரின் உச்சத்தில் அழுதவர்களின் கண்ணீரை நான் ஐயப்படவில்லை. ஆனால் அந்தத் தாய்மாருக்கு எட்டாவது ஆண்டிலும் பதினைந்தாவது ஆண்டிலும் வந்து கேட்பவர் தேவைப்பட்டார்கள்.

நான் எனக்கென்று செய்துகொண்டிருக்கும் ஏற்பாடு மிகச் சாதாரணமானது. எல்லாப் போரையும் மேலோட்டமாகத் தொடர்வதை விட்டுவிட்டு, ஒன்றிரண்டை மட்டும் ஒழுங்காகப் படிக்கிறேன்: அதன் தொடக்கம், ஊர்ப் பெயர்கள், யாருக்கு யார் ஆயுதம் தருகிறார், யார் பேச்சுவார்த்தைக்கு வர மறுக்கிறார். உறுதியாகாத படத்தையும் காணொளியையும் யாருக்கும் அனுப்புவதில்லை. பிணங்களின் படத்தைப் பொறுத்தவரை, அது என் வீட்டாருடையதாக இருந்தால் அனுப்பப்படுவதை விரும்புவேனா என்று யோசித்தால் போதுமானதாக இருக்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து ஒரு தொகை தானாகப் போகிறது, நான் அன்று எந்த மனநிலையில் இருந்தாலும். மற்றபடி சிரிக்கிறேன், படம் பார்க்கிறேன், நன்றாகத் தூங்குகிறேன்.

போரிலிருந்து வந்தவர்களோடு பழகுவதுதான் இவற்றில் எனக்கு மிகக் கடினமாக இருப்பது. என்ன கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்று தெரியாமல், பலரும் அவர்களைச் சாட்சிகளாகவே நடத்திவிடுகிறோம். சந்தித்த பத்தாவது நிமிடத்தில் குண்டு விழுந்த இரவைப் பற்றி விசாரிக்கிறோம், அவர்கள் அழாவிட்டால் உள்ளூர ஏமாறுகிறோம். சிலர் அந்த இரவைப் பற்றிப் பேச விரும்புவார்கள், அப்போது குறுக்கிடாமல் கேட்கலாம். பெரும்பாலோர் பேசுவது தஞ்ச விண்ணப்பத்தின் விசாரணைத் தேதி, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை, பழைய நாட்டில் பெற்ற பட்டத்தை இங்கே ஏற்றுக்கொள்வார்களா என்பவற்றைப் பற்றித்தான். இந்த இரண்டாவது வகைப் பேச்சில் கண்ணீருக்கு இடம் குறைவு, ஆனால் வெளியே வாழ்ந்தவர்களுக்குத் தெரிந்த விஷயங்கள் அதிகம்: எந்தப் படிவம், எந்த அலுவலகம், எந்தக் கிழமையில் கூட்டம் குறைவு, யாரிடம் கேட்டால் பதில் வரும்.